விழித்திரை யாரிடம் முறையிடுகிறது?

(கோலசிலாங்கூர் வட்டாரம், பாசிர் பெனம்பாங்கில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடம்பு தானே சுரக்கும் சமிக்ஞை மூலக்கூறுகள் கண்ணை எப்படிக் காக்கின்றன, எப்படிக் கெடுக்கின்றன, அவற்றை மருத்துவம் எப்படிக் கையாளுகிறது என்பது இன்றைய பொருள். பல்கலைக்கழக மண்டபத்தில் பேச வேண்டியதை இங்கே வந்து பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். இது இந்த ஊருக்கு உரிய பொருள். சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் நம் முன்னோர் பிழைத்த பிழைப்பே கண்ணை நம்பியதுதான். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போனவருக்குப் பட்டையின் ஆழம் கண்ணில் தெரிய வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் புண்ணாகும். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது நமக்குப் பக்கத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையின் தெனமாரம் தோட்டத்தில். அன்று முதல் இன்றுவரை செம்பனையில் குலை வெட்டுகிறவர், அண்ணாந்து பார்த்தே பழுத்தது எது, பழுக்காதது எது என்று முடிவு செய்கிறார்.

அந்தக் கண்களுக்கு இன்று வந்திருக்கும் பெரிய ஆபத்து இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடாக இறங்கியிருக்கிறது, ஆறுதலான செய்தி. ஆனால் இனவாரியாகப் பார்த்தால் நம் சமூகம்தான் முன்னால் நிற்கிறது. 2019 கணக்கில் இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நீரிழிவால் விழித்திரை வாடத் தொடங்கும்போது அது முறையிடுகிறது. ஆனால் தன் இரத்தக் குழாய்களிடம்தான் முறையிடுகிறது. கண்ணுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த முறையீட்டை மருத்துவம் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நாமும் நேரத்தோடு கேட்க வழி செய்துகொண்டால், நம்மவர் பலருடைய பார்வை தப்பும்.

1. உடம்புக்குள் ஓடும் சேதிகள்

நம் உடம்பின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களால் பேசுகின்றன. ஓர் உயிரணு மிகச் சிறிய அளவில் ஒரு மூலக்கூறை வெளியிடும். அதை ஏற்கும் புரதம் எந்த உயிரணுவின் மேல் இருக்கிறதோ, அந்த உயிரணு மட்டும் அதற்குச் செவிசாய்த்து நடக்கும். ஏற்பி இல்லாத உயிரணுவுக்கு அந்தச் சேதி எட்டாது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் தசையைத் தளர்த்தும், மற்றோரிடத்தில் மயிரை வளர்க்கும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் நன்கு அறிந்த சமிக்ஞை மூலக்கூறு இன்சுலின். கணையம் சுரக்கும் அது, இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி உயிரணுக்களுக்குச் சொல்கிறது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக அது ஊசியாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோவார்கள். இன்சுலின் அவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஆயுள் நீண்டபோது, பத்து இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல வளரும் விழித்திரை நோயையும் மருத்துவர்கள் கண்முன்னே நிறையக் காணத் தொடங்கினார்கள்.

2. மூச்சுத் திணறும் விழித்திரை

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் நரம்புத் திசு. உடம்பில் ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடும் திசுக்களில் அதுவும் ஒன்று. இருட்டில் அதன் செலவு இன்னும் கூடும். அதற்கு உணவூட்டும் நுண்குழாய்களின் சுவரைச் சில துணை உயிரணுக்கள் தாங்கிப் பிடிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்தத் துணை உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. சுவர் வலுவிழந்து குழாய் ஆங்காங்கே புடைக்கிறது, கசிகிறது, அடைபடுகிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் உள்ள விழித்திரைக்கு ஆக்சிஜன் போவதில்லை.

ஆக்சிஜன் குறைந்ததை உயிரணு எப்படி உணர்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிரணுவில் ஒரு புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்வரை அது உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிவு நின்றுபோகும். புரதம் தேங்கி, உயிரணுவின் கருவுக்குள் சென்று பல மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றுள் ஒன்று இரத்தக்குழாய் உள்ளணி வளர்ச்சிக் காரணியை, மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் வி.இ.ஜி.எஃப்.-ஐ, உண்டாக்குகிறது.

பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களிடம் விழித்திரை வைக்கும் முறையீடு அந்த மூலக்கூறுதான்: எனக்கு மூச்சு முட்டுகிறது, கிளை விட்டு என்னிடம் வாருங்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு உறுப்புகள் உருவாவதும், நமக்குப் பட்ட காயம் ஆறுவதும் இதே சேதியால்தான். அது இல்லாமல் உயிரில்லை. கெடுதல் எங்கே வருகிறதென்றால், நோயுற்ற கண்ணில் அந்த முறையீடு ஓயாமல், அளவு கடந்து ஒலிக்கிறது. புதிய குழாய்கள் வருகின்றன; ஆனால் தஞ்சோங் காராங் வயலில் கரை கட்டாமல் அவசரத்துக்கு வெட்டிய வாய்க்கால் போலச் சுவர் பலமில்லாமல் வருகின்றன. அவை கண்ணின் உட்கூழுக்குள் நீண்டு, கிழிந்து, இரத்தம் கொட்டுகின்றன. நாளடைவில் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன. இன்னொரு பக்கம், இருக்கும் குழாய்களும் கசிந்து, நுண்பார்வைக்கு உரிய நடுப்பகுதியான மாகுலா வீங்குகிறது. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருகிறவரின் முகத்தை அறிவது எல்லாம் அந்தச் சிறு பகுதியின் வேலை.

3. நாற்பத்தாறு ஆண்டுத் தேடல்

இந்த மூலக்கூறைக் கண்டுபிடித்த கதை ஒரே நாளில் நடந்ததன்று. 1948-இல் கிளாஸ்கோவில் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், வளரும் விழித்திரையில் குழாய்கள் எப்படிப் படர்கின்றன என்று ஆராய்ந்தார். தமனியை ஒட்டிய இடத்தில் நுண்குழாய்கள் இல்லை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் அவை முளைக்கின்றன. அப்படியானால் திசுவிலிருந்து கசிந்து பரவும் ஏதோ ஒரு பொருள் அவற்றை அழைக்கிறது என்று அவர் ஊகித்தார். நீரிழிவுக் கண்ணில் நடப்பதும் அதுவாகவே இருக்கலாம் என்றார். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் அன்று இல்லை.

1953-இல் டென்மார்க்கின் யாகோப் பௌல்சன் வியப்பான ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். நீரிழிவும் விழித்திரை நோயும் கொண்ட ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தின்போது பிட்யூட்டரி சுரப்பி அழிந்துபோனது. அதன்பின் அவருடைய விழித்திரை நோய் பின்வாங்கியது. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி இயக்குநீருக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று கருதிய மருத்துவர்கள், பார்வையைக் காப்பாற்றவென்றே பல நோயாளிகளின் பிட்யூட்டரியை அகற்றினார்கள் அல்லது அழித்தார்கள். ஒரு சமிக்ஞையை நிறுத்த, தலைமைச் சுரப்பியையே பலி கொடுத்த காலம் அது. பிற இயக்குநீர்களை வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொள்ள வேண்டிய நிலைக்கு அந்த நோயாளிகள் ஆளானார்கள். அவ்வளவு கொடுத்தும் பார்வை காக்க வழி தேடினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதைக் கைவிட வைத்தது ஒளிச் சிகிச்சை. 1945-இல் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை சுடுபட்டவரைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், ஒளியாலேயே விழித்திரையைச் சுட்டுச் சிகிச்சை செய்ய முடியும் என்று காட்டினார். பின்னர் லேசர் வந்தது. 1976-இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்வு, விழித்திரையின் ஓரங்களில் லேசர் புள்ளிகள் வைத்தால் கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று உறுதிப்படுத்தியது.

சுட்டால் ஏன் நோய் தணிகிறது? ஆக்சிஜனுக்கு ஏங்கும் ஓரத்திசு குறைந்தால் முறையீடும் குறையும் அல்லவா? அந்த முறையீட்டைச் சுமக்கும் பொருள் எது என்ற தேடலுக்குப் புற்றுநோய் ஆய்வு வழிகாட்டியது. 1971-இல் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டிகள் புதுக் குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன, அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று எழுதினார். 1983-இல் ஹெரால்ட் டிவோராக்கின் குழு, குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டது. 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா, குழாய்களை வளரச் செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் மரபணுவையும் கண்டறிந்தார். கசியச் செய்வதும் வளரச் செய்வதும் ஒரே மூலக்கூறுதான் என்பது பிறகு தெளிவாயிற்று. 1994-இல் லாய்ட் பால் ஐயெல்லோவும் உடன் ஆய்ந்தோரும், கண் அறுவைக்கு வந்த 164 பேரிடமிருந்து 210 கண் உள்நீர் மாதிரிகளைச் சோதித்தார்கள். புதுக் குழாய்கள் தீவிரமாக முளைத்த கண்களில் வி.இ.ஜி.எஃப். மிகுதியாக இருந்தது. லேசர் வெற்றியடைந்த பிறகு அது 75 விழுக்காடு இறங்கியிருந்தது. மைக்கேல்சனின் ஊகம் கண்ணாடிக் குப்பியில் அளந்து பார்க்கும் பொருளாக மாற 46 ஆண்டுகள் ஆயின.

4. கண்ணில் போடும் ஊசி

சேதி எதுவென்று தெரிந்ததும் அதை வழிமறிக்கும் மருந்து வந்தது. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2005-இல் மயாமியின் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பலன் கண்டார். 2006-இல் கண்ணுக்கென்றே ஆக்கிய ரனிபிசுமாப், 2011-இல் அஃப்லிபர்செப்ட், 2022-இல் இன்னொரு சமிக்ஞையையும் சேர்த்துத் தடுக்கும் ஃபரிசிமாப் என்று வரிசையாக வந்தன. விலையிலும் பெருத்த வேறுபாடு உண்டு; ரனிபிசுமாபைவிடப் பெவாசிசுமாப் மிக மலிவு. 2015-இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு, மாகுலா வீக்கத்தால் பார்வை சற்றே குறைந்தவர்களுக்குப் பெவாசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதாகவும், பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு முதலாண்டில் அஃப்லிபர்செப்ட் மேலானது என்றும் காட்டியது. சீக்கிரம் வருகிறவருக்கு மலிவான மருந்தும் போதும் என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணில் ஊசியா என்று மிரண்டு சிகிச்சையையே கைவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக விளக்குகிறேன். முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு; பிறகு கிருமி நீக்கும் திரவம்; இமை மூடாதிருக்க ஒரு பிடி. மெல்லிய ஊசியால் வெள்ளை விழியின் வழியே ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு மருந்து. ஊசி போடும் நேரம் சில நொடிகள்தான். அடுத்த நாள்களில் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அரிதாக உள்ளே கிருமி சேரக்கூடும், அது தாமதிக்கக்கூடாத நிலை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊசி முறையீட்டை அடக்குகிறது. முறையீட்டுக்குக் காரணமான பஞ்சத்தைத் தீர்ப்பதில்லை. அதனால்தான் மாதாமாதம், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை என்று தொடர வேண்டியிருக்கிறது. பார்வை தெளிந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். பஞ்சம் முற்றாமல் காப்பவை சர்க்கரைக் கட்டுப்பாடும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும். 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்க் கேடுகள் 25 விழுக்காடு குறைந்தன. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதால் மட்டும் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. டின்பால் கலந்த தேத்தண்ணியும், மறந்துபோன பிரஷர் மாத்திரையும் விழித்திரையின் கணக்கில் எழுதப்படுகின்றன.

5. கண் அழுத்தமும் மின்மினியும்

சத்தமில்லாமல் பார்வையைத் திருடும் இன்னொரு நோய் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு நசிகிறது. இங்கேயும் உடம்பின் சொந்தச் சமிக்ஞைகளே மருந்தாயின.

புரோஸ்டாகிளாண்டின் என்ற கொழுப்புச் சேதிப்பொருள்கள் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குபவை என்றே அறியப்பட்டிருந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ பிட்டோ, மிகச் சிறிய அளவில் அவை கண் அழுத்தத்தை இறக்குகின்றன என்று 1970-களில் கண்டார். பலர் நம்பவில்லை, அவர் விடவில்லை. 1996-இல் லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து சந்தைக்கு வந்தது. நீர் வடியும் மாற்றுப் பாதையிலுள்ள திசுவை அது நெகிழவைக்கிறது. இரவில் ஒரு சொட்டு போதும். அதைப் போடுகிறவர்களுக்கு இமைமயிர் நீளமாக வளரும். ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் ஒரு வேலையும் மற்றோரிடத்தில் வேறு வேலையும் செய்யும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதுவே சான்று.

நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் ஒரு சமிக்ஞை. இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அதன் பணியைக் கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊருக்கு மேலே கம்போங் குவந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்க உலகமே வருகிறது. மின்மினியின் ஒளியை ஏற்றி அணைப்பது எது என்று அமெரிக்காவில் ஓர் இனத்தைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2001-இல் விடை சொன்னார்கள்: நைட்ரிக் ஆக்சைடு. ஒளி உறுப்பில் அந்த வாயு பரவியதும், உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனை உண்ணும் நுண்ணுறுப்புகள் கணநேரம் ஓய்கின்றன. மிஞ்சிய ஆக்சிஜன் ஒளி உண்டாகும் இடத்தை எட்டுகிறது. அதே வாயுவை வெளியிடும் லட்டானோபிராஸ்டீன் பூனோட் என்ற சொட்டு 2017-இல் அமெரிக்காவில் கிளாக்கோமாவுக்கு அனுமதி பெற்றது. கண்ணின் வடிகால் சல்லடையை நைட்ரிக் ஆக்சைடு தளர்த்துகிறது. ஆற்றங்கரைப் பூச்சிக்கும் நம் கண்ணுக்கும் இயற்கை ஒரே சேதிப்பொருளைக் கொடுத்திருக்கிறது. மாணவர்களே, அறிவியல் தொலைவில் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

6. கருவிழிக்கு ஓர் எச்சரிக்கை

ரீட்டா லெவி-மொண்டால்சினி கண்டறிந்த நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணர்வு செத்து, புண் ஆறாத கருவிழிக்கு அதே காரணி செனெகெர்மின் என்ற பெயரில் சொட்டு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. விலை அதிகம், எங்கும் எளிதில் கிடைப்பதன்று. ஆனாலும் கருவிழியின் நரம்பு மீள முளைக்கும் என்பதே பெரிய நம்பிக்கை.

நம் தோட்டத்துக்கு உடனடியாக வேண்டியது வேறோர் அறிவுரை. அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற சமிக்ஞையின் உறவுகள்தான் ஸ்டீராய்டு சொட்டுகள். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அவை கண்ணைக் காக்கும். குலை வெட்டும்போது மட்டைத் துணுக்கு கண்ணில் பட்டு, பூஞ்சை தொற்றியிருக்கும் நிலையில், வீட்டிலிருக்கும் பழைய சொட்டைப் போட்டால் என்ன ஆகும்? சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும். நீண்டநாள் தாமாகவே போட்டால் கண் அழுத்தமும் ஏறும், புரையும் வரும். கண்ணில் துணுக்குப் பட்டால் கசக்காதீர்கள், கையில் கிடைத்த சொட்டைப் போடாதீர்கள், அன்றே கிளினிக்குக்குப் போங்கள். குலை வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

7. நாம் கேட்கும் வழி

இனி, தொடக்கத்தில் வைத்த கருத்துக்கு வருகிறேன். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. குழாய்கள் புடைத்தாலும் கசிந்தாலும், மாகுலாவை எட்டும்வரை பார்வை நன்றாகவே இருக்கும். ‘எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது’ என்று ஒருவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது விழித்திரை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு நாள் கண்முன்னே கருந்திரையாக இரத்தம் இறங்கும்போதுதான் தெரியவரும். அப்போது ஊசிக்கும் லேசருக்கும் வேலை அதிகம், பலன் குறைவு.

விழித்திரையின் சேதியை நாம் நேரத்தோடு கேட்க எளிய வழி, கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்துப் பார்ப்பது. பெரும்பாலும் வயது வந்தபின் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உறுதியான உடனேயே முதல் படம் எடுக்க வேண்டும். நோய் பல ஆண்டுகள் மறைந்திருந்துதான் வெளிப்படுகிறது. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரை நோய் விரைந்து முற்றக்கூடும். படம் எடுக்குமுன் போடும் சொட்டு, கண்பாப்பாவைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் என்ற சேதியைத் தடுத்துப் பாப்பாவை விரியவைக்கிறது. 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயத்தைக் கொண்டு நிறுவிய அதே நரம்புச் சேதிதான் அது. சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியே வராமல் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

படம் பார்க்க நிபுணர் போதாத இடங்களில் கணினி துணை வருகிறது. 2016-இல் வெளியான கூகுள் ஆய்வுக்கு 1,28,175 விழித்திரைப் படங்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன. அவற்றைத் தந்தவர்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், இல்லாதவருக்கும் பார்வை தர முடியும் என்று உலகுக்குக் காட்டியது. தமிழ்நாட்டு நோயாளிகளின் விழித்திரைகளும் அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன. அதன் பயன் தோட்டத்துத் தமிழருக்கும் வந்து சேர வேண்டும்.

மருந்துக்குக் குறையில்லாத காலத்தில் நம்மைத் தடுப்பவை தூரமும் தயக்கமும். அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். மேல்சிகிச்சைக்கு செலாயாங் மருத்துவமனைக்குப் போவதென்றால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வந்த முதியவருக்கு அது சிறிய செலவன்று. ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, கோயில் நிர்வாகத்தாருக்கு. ஆண்டுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு நாளைக் கண் படம் எடுக்கும் நாளாக ஒதுக்கி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி, நடமாடும் கேமராவை வரவழைக்க முயலுங்கள். இரண்டாவது, இளைஞர் மன்றங்களுக்கு. மருத்துவமனைத் தேதி பெற்ற முதியவர்களை ஒரே வண்டியில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். கண் ஊசி தொடர்ச்சி அறாமல் இருக்க இதுவே பெரிய உதவி. மூன்றாவது, இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தாருக்கு. அடுத்த ஆண்டு முதல் சொற்பொழிவோடு, அந்தப் பயணங்களுக்கான வண்டிச் செலவையும் நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் யாராயினும், கடைசியாக எப்போது கண் படம் எடுத்தார்கள் என்று இன்றே கேளுங்கள். ஓராண்டு கடந்திருந்தால், அல்லது எடுத்ததே இல்லை என்றால், அடுத்த கிளினிக் நாளில் நீங்களே வாய்திறந்து கேட்டு வாங்குங்கள்.